வாசனை வராத போதை

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் காலையில் கண்ணில் படுவது பாடலாத்ரி நரசிம்மரைச் சேவிக்க வந்தவர்கள் மட்டுமல்ல. ஒரகடம் பக்கம் ஷிப்டுக்குப் போகும் இளைஞர்கள், தாம்பரம் பக்கம் காலேஜுக்குப் போகும் பிள்ளைகள். இதே ரயில் பாதையில் உள்ள பொத்தேரியில், 2024 ஆகஸ்ட் கடைசியில் மாணவர்கள் தங்கியிருந்த குடியிருப்புகளைத் தாம்பரம் போலீஸார் சல்லடை போட்டுத் தேடினார்கள். கஞ்சா சிக்கியது.

கஞ்சாவை நெடியே காட்டிக்கொடுத்துவிடும். மெத்தபெட்டமைன் அப்படி இல்லை. பார்க்கக் கல்கண்டுத் தூள். அதை எடுத்த பையன் விடிய விடிய விழித்திருப்பான். படிக்கிறான் என்று அம்மா பூரித்துப் போவார். மறுநாள் சோறு இறங்காது. அதற்கடுத்து அடித்துப் போட்டதுபோல் தூக்கம், எழுந்தால் எரிந்து விழுவது. ‘பரீட்சை டென்ஷன்’ என்று வீடே சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

உள்ளே நடப்பது வேறு. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் ஒரேயடியாகக் கொட்டித் தீர்கிறது. பிறகு எதிலும் பிடிப்பில்லை, மறுபடி அதுவே வேண்டும். இதயம் தாறுமாறாக அடிக்கும், பல் சொத்தையாகும், யாரோ பின்தொடர்வதாகச் சந்தேகம் வரும், காதில் குரல் கேட்கும். நிதானித்து முடிவெடுக்கும் மூளையின் முன்பகுதி ஏறக்குறைய 25 வயது வரை வளர்கிறது. பதினாறில் தொடங்குபவனுக்கு அடி அங்கேதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்கள் தூங்காமலிருக்க விழுங்கிய பெர்விட்டின் மாத்திரையும் இதே சரக்குதான்.

“இந்தக் கவரைக் கொடுத்துட்டு வாடா” என்று அனுப்பும் ‘அண்ணன்’ சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாவுக்கு வணிக அளவு 20 கிலோ. மெத்தபெட்டமைனுக்கு வெறும் 50 கிராம். சட்டைப்பையில் அடங்கும் எடை. 18 வயது நிரம்பியவனிடம் அதற்கு மேல் சிக்கினால் குறைந்தது 10 ஆண்டு சிறை.

அதே சட்டத்தின் 64ஏ பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போதைக்கு அடிமையானவர் தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ முழுச் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். ரெய்டுக்குக் கிடைக்கும் விளம்பரத்தில் கால்வாசியாவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டும். போலீஸுக்குப் பயந்தும் ஊர் வாய்க்குப் பயந்தும் பிள்ளையைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவது வைத்தியம் ஆகாது. அபினுக்கு இருப்பதுபோல மெத்தபெட்டமைனுக்கு மாற்று மருந்தும் இல்லை; மாதக்கணக்கில் கவுன்சலிங், மனநல மருத்துவரின் கண்காணிப்பு, இவைதான் வழி.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இங்கிருந்து ரயிலில் போய்விடலாம். போனில் கேட்க 14446, கட்டணமில்லை. சந்தேகம் வந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள், அழைத்துக்கொண்டு போங்கள்.