தாரைத் தார் ரோட்டில் காட்டாதீர்கள்

பக்கத்து வீட்டுத் தம்பி சாயங்காலம் டீக்கு வந்தவர், டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். "தாரை வித்துடலாம்னு இருக்கேன் அண்ணே. புரோக்கர் வேணாம், நானே பேசி முடிச்சுடறேன். போட்டோ போட்டா ஆள் வந்துடும்ல?"

ஆள் வரும். கோத்தகிரியில் தார் மாதிரி ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்று விலைக்கு இருக்கிறது என்றால் கோயம்புத்தூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் மூன்று பேராவது மலையேறி வருவார்கள். ஆனால் வண்டி வாசலைவிட்டுப் போவதற்கும் தம்பியின் தலையைவிட்டுப் போவதற்கும் நடுவில் கொஞ்ச தூரம் இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்க அன்றைக்கு இரண்டு டம்ளர் டீ ஆனது.

முதலில் விளம்பரம். 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் விற்பனைக்கு வந்துவிட்டது. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். அதனால் முதல் வரியிலேயே 'ஃபோர் பை ஃபோர்' என்று எழுதி, கியர் தடிக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு குட்டித் தடியையும் போட்டோ எடுத்துப் போடச் சொன்னேன். 2H, 4H, N, 4L என்று பொறித்திருக்குமே, அதுதான். நீங்கள் அதிகமாகக் கேட்கிற விலைக்குச் சாட்சி அந்தத் தடிதான்.

வாங்க வருகிறவர் அதைப் போட்டுப் பார்க்காமல் போகமாட்டார். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வாசலில் நல்ல தார் ரோடு இருக்கிறது என்று அங்கேயே 4H போட்டு ஒரு வளைவு திருப்பிக் காட்டுவார்கள். ஸ்டீயரிங் கனக்கும், யாரோ பிரேக்கை மிதித்த மாதிரி வண்டி இழுத்து இழுத்து நிற்கும். 2H-க்கு மாற்றப் பார்த்தால் தடி அசையாது. வந்தவர் "கியர் பாக்ஸ் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்.

போகவில்லை. இந்த வண்டியில் 4H போட்டால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் போகிற ஷாஃப்ட்கள் இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவிலோ முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போடுகின்றன, பின்சக்கரங்கள் சின்ன வட்டம். மண்ணில் என்றால் சக்கரம் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கு ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விட்டுவிடும் என்றாலும், வந்தவர் மனதில் விழுந்த முடிச்சு ரிவர்ஸில் அவிழாது. ஆகவே தாரைத் தார் ரோட்டில் காட்டாதீர்கள். ஈர மண், புல் மேடு, தேயிலைத் தோட்டத்து மண் பாதை எங்காவது கூட்டிப் போங்கள். 4L-ஐ மட்டும் வண்டியை நிறுத்திவிட்டுப் போடுங்கள். வருஷக்கணக்கில் தொடாத தடி என்றால் ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே நீங்கள் நாலு தடவை போட்டு எடுத்துப் பழக்கிவிடுவது நல்லது. நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு புதுசு, இரண்டு மொட்டை என்றால் இதே முறுக்குதான்.

விவரம் தெரிந்தவர் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். சிலர் விற்பதற்கு முன் அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்து வைப்பார்கள். அதைவிடப் பெரிய சந்தேகத்தை விலை கொடுத்து வாங்க முடியாது. துரு இருந்தால் துரு, ஆயில் கசிந்தால் கசிவு, அப்படியே காட்டி அதற்கேற்ப விலையைப் பேசுவது மேல்.

தம்பி முன்னால் இரும்பு பம்பர் மாட்டியிருந்தார். பெரிய டயர் வேறு. "அதுக்குத்தான் அண்ணே மவுசு" என்றார். மவுசு இருக்கலாம், சட்டத்தில் இடமில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. பழைய டயரும் பம்பரும் பரணில் கிடந்தால் இறக்கி மாட்டிவிடுங்கள். மற்றதைத் தனியாக விற்றால் அது தனிக் காசு.

ஓட்டிப் பார்க்கச் சாவி கேட்டால் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். விலை பேசுவது உங்கள் சாமர்த்தியம், அதில் நான் தலையிடவில்லை. பணம் வாங்கும் விதத்தைப் பற்றி மட்டும் ஒன்று. ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2017 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கியவருக்கு. இன்றைக்குப் பாதி நாளைக்குப் பாதி என்று பிரித்து வாங்கினாலும் தப்ப முடியாது. வங்கி வழியாகவே வரட்டும்.

இனி ஆர்.சி. கடன் கட்டி முடித்தாலும் ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயர் தானாக அழியாது. வங்கி கொடுக்கும் தடையில்லாச் சான்றையும் படிவம் 35-ஐயும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து நீக்க வேண்டும். விளம்பரம் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். நீலகிரியில் கேரளாக்காரரும் கர்நாடகாக்காரரும் வாங்க வருவது சகஜம். அப்போது படிவம் 28-ல் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

"பேரு எதுவும் எழுதாம வெறும் ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒருவர் தம்பியிடம் போனிலேயே கேட்டிருக்கிறார். இதற்குத்தான் நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த வெற்றுப் படிவத்தோடு வண்டி ஐந்து கை மாறலாம், ஆர்.சி.யில் பெயர் உங்களுடையதாகவே இருக்கும். 2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு வழக்கு வந்தது. கார் கைமாறிக் கைமாறிப் போய், கடைசி ஆளிடம் இருந்தபோது விபத்து. பதிவேட்டில் இருந்ததோ முதலில் விற்றவர் பெயர். சட்டத்தின் கண்ணில் அவர்தான் உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்றது தீர்ப்பு. வருஷக்கணக்காக அவர் அந்த வண்டியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அதனால் வாங்குகிறவரின் பெயரும் முகவரியும் தேதியும் எழுதிய பிறகே கையெழுத்து. வண்டி ஒப்படைத்த தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் உங்களிடம் இருக்கட்டும். முடிந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போய் வாருங்கள். இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற அவருக்கும் 14 நாள்தான். கிளெய்ம் எடுக்காததற்கான தள்ளுபடி வண்டியோடு போகாது, அது உங்களுடையது. அடுத்த வண்டியின் இன்சூரன்ஸில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 50 சதவீதம் வரை குறையலாம் என்பதால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி எழுந்து செருப்பை மாட்டினார். "ஃபாஸ்டேக் கண்ணாடியிலயே இருக்கட்டுமா அண்ணே? நல்லா ஒட்டியிருக்கு" என்றார். போன வருஷம் நான் என் பழைய பொலேரோவைக் கொடுத்தபோது அப்படித்தான் விட்டேன். ஒரு ராத்திரி பதினொன்றரைக்குப் போன் அலறியது. திண்டுக்கல் பக்கம் ஒரு சுங்கச்சாவடியை நான் கடந்துவிட்டதாகவும், என் கணக்கில் பணம் பிடித்தாகிவிட்டது என்றும் செய்தி. நான் இங்கே போர்வைக்குள் இருந்தேன்.