அச்சமும் மிகுதியும்: ஜப்பானிய ‘சுகோய்’, தமிழ்க் ‘கடி’, ‘பயங்கரம்’ – ஓர் ஒப்பீடு

முன்னுரை

அச்சப்பொருள் தரும் சொற்கள் மிகுதிப்பொருளுக்கு மாறுவது பல மொழிகளில் காணப்படும் பொருண்மை மாற்றம். சென்னைப் பேச்சில் ‘பயங்கர’ என்பது மிகுதியைக் குறிப்பதைச் சிலர் சொற்சிதைவு என்பர். ஜப்பானிய மொழியின் ‘சுகோய்’ என்னும் பெயரடையோடும் தொல்காப்பியர் காட்டும் ‘கடி’ என்னும் உரிச்சொல்லோடும் ஒப்பிட்டு இக்கருத்தை இக்கட்டுரை மறுஆய்வு செய்கிறது.

சுகோய்

இச்சொல்லின் பழைய வடிவம் ‘சுகோஷி’. ஹெயான் காலத்தில் (794–1185) அது உடல் சிலிர்க்கவைக்கும் அச்சத்தையும் தனிமையின் வெறுமையையும் குறித்தது. இன்று புயலுக்கு அடையாக வரும்போது அச்சம், மிகுதி ஆகிய இரண்டிற்கும் அது இடந்தருகிறது. மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல்லுக்குமுன் ‘சுகோகு’ என வினையடையாகத் திரிந்து வருகையில் மிகுதி மட்டுமே எஞ்சுகிறது. தனித்து வியப்பாக ஒலிக்கையில் சிறப்பைச் சுட்டுகிறது.

பயங்கரம்

நூம்பல், பூந்தமல்லி, ஆவடி உள்ளிட்ட சென்னையின் மேற்குப் புறநகர்ப் பேச்சிலும் இப்படிநிலைகள் உண்டு. ‘பயங்கர விபத்து’ என்பதில் அச்சம் நிற்கிறது. ‘பயங்கர மழை’ என்பதை அச்சமாகவும் கொள்ளலாம், மிகுதியாகவும் கொள்ளலாம். இத்தகைய இருபொருள் இடங்களே மாற்றத்திற்குப் பாலமாகின்றன. ‘பயங்கர சந்தோஷம்’ என்பதில் அச்சம் அறவே நீங்கிவிடுகிறது. ‘பயங்கரமா ஆடுறான்’ என்பது ஆட்டத்தின் சிறப்பையும் உணர்த்தவல்லது.

கடி

தொல்காப்பிய உரியியல் ‘கடி’ என்னும் சொல்லுக்குப் பத்துப் பொருள்களைக் கூறுகிறது. அவற்றுள் மிகுதி, சிறப்பு, அச்சம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து எண்ணப்பட்டுள்ளன. பதின்மூன்று பொருள்களைத் தரும் நன்னூலிலும் இம்மூன்றும் இடம்பெறுகின்றன. நூற்பாக்கள் பொருள்களை எண்ணுகின்றனவேயன்றி அவற்றின் காலமுறையைச் சுட்டுவதில்லை. ஆதலின், ‘கடி’யில் அச்சமே முதற்பொருள் என்று துணிதல் இயலாது. எனினும், ஒரே சொல்லில் இம்மூன்று பொருள்களும் ஒன்றி நிற்பதை இலக்கணிகள் ஏற்றுப் பதிவுசெய்துள்ளனர் என்பது தெளிவு.

வடிவத்தில் வேறுபாடு உண்டு. ‘கடி’ திரிபின்றிப் பெயரையும் வினையையும் சார்ந்து வரும் உரிச்சொல். ‘பயங்கரம்’ வடசொல், வினையடையாக ‘ஆக’ என்னும் ஈற்றை வேண்டும். இவ்வகையில் அது ‘சுகோய் – சுகோகு’ இணைக்கே நெருக்கமானது. எனவே, ‘பயங்கர’ என்பதை உரிச்சொல் எனல் பொருந்தாது. பொருண்மை ஒப்புமை மட்டுமே கொள்ளத்தக்கது.

முடிவுரை

‘பயங்கர’ என்பதன் மிகுதிப்பொருள் சிதைவன்று. தமிழ் இலக்கணம் முன்பே அறிந்த பொருட்சேர்க்கையின் புதிய வெளிப்பாடு. அகராதிகள் இதனைத் தனிப்பொருளாக, பாலமாகும் எடுத்துக்காட்டுகளுடன் பதிவுசெய்தல் வேண்டும்.