சுவரில் தொங்கும் டெலிவிஷன்

முப்பது வருஷங்களுக்கு முன் டெலிவிஷன் என்பது கூடத்தின் மூலையை அடைத்துக்கொண்டு நின்ற கனத்த பெட்டி. அதனுள் இருந்தது காற்று நீக்கிய ஒரு கண்ணாடிக் குழல். குழலின் பின்முனையிலிருந்து பாய்ந்த எலெக்ட்ரான் கற்றை, முன்புறத் திரையில் மோதி ஒளியை எழுப்பிற்று. திரை அகன்றால் குழலும் நீண்டது, கனமும் ஏறிற்று. இன்றோ அது படம்போலச் சுவரில் தொங்குகிறது. இந்த மாறுதலுக்கு வித்திட்டவர் ஒரு தாவர சாஸ்திரி என்றால் வியப்பாயிருக்கிறதல்லவா?

1888-ல் ப்ராக் நகரில் ப்ரெடெரிக் ரைனிட்ஸர் என்ற ஆஸ்திரியர், கொலஸ்ட்ராலிலிருந்து செய்த ஒரு பொருளைச் சூடாக்கினார். 145.5 டிகிரி சென்டிகிரேடில் அது உருகிக் கலங்கிய திரவமாயிற்று, 178.5 டிகிரியில் கலக்கம் நீங்கித் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? அவர் ஆட்டோ லேமன் என்ற ஜெர்மானிய அறிஞருக்கு எழுதிக் கேட்டார். லேமன் அதைப் பூதக்கண்ணாடியால் சோதித்தார். அப்பொருள் நீரைப்போல் ஓடியது. ஆயினும் ஒளியை ஸ்படிகத்தைப்போல் நடத்தியது. ‘திரவ ஸ்படிகம்’ என்னும் பெயர் இவ்வாறு தோன்றிற்று.

நெடுங்காலம் அது ஆராய்ச்சிசாலை விநோதமாகவே கிடந்தது. 1964-ல் அமெரிக்காவின் ஆர்.ஸி.ஏ. கம்பெனியில் ஜார்ஜ் ஹைல்மையர், மின்சாரத்தால் அதைத் தெளியவும் கலங்கவும் செய்யலாம் என்று காட்டினார். ஆனால், பலன் காணப் பல ஆண்டுகள் பொறுக்க வேண்டியிருந்தது. பொறாத அக்கம்பெனியார் 1970-களில் இத்துறையைக் கைவிட்டனர். இங்கிலாந்தில் ஹல் சர்வகலாசாலையின் ஜார்ஜ் க்ரே, சாதாரண உஷ்ணநிலையிலேயே நிலைத்திருக்கும் திரவ ஸ்படிகங்களைத் தயாரித்தார். ஜப்பானின் ஷார்ப் கம்பெனியார் 1973-ல் கணக்குப் போடும் சிறு யந்திரத்தில் திரவ ஸ்படிகத் திரையைப் பொருத்தினர். 1988-ல் 14 அங்குல வர்ணத் திரையையே செய்து காட்டினர்.

இதன் தத்துவம் எளிது. இரண்டு கண்ணாடித் தகடுகளின் நடுவே, மயிரிழையிலும் குறுகிய இடைவெளியில் திரவ ஸ்படிகம் நிரம்பியுள்ளது. அதன் மூலக்கூறுகள் சிறு கோல்கள் போன்றவை. அவை சுழற்படிகளைப்போலத் திரும்பி நின்று, பின்னிருந்து வரும் ஒளியையும் திருப்பி முன்னே விடுகின்றன. மின்சாரம் பட்டால் நிமிர்ந்துவிடுகின்றன, ஒளி அடைபடுகிறது. ஆக, ஒவ்வொரு புள்ளியும் திறந்து மூடும் ஒரு ஜன்னல். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில், சிவப்பு, பச்சை, நீலம் என மூவகை ஜன்னல்கள் மொத்தம் 62,20,800 உள்ளன!

எனினும் அத்தகைய திரைகளில் ஒரு குறை இருந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தவர்க்குப் படம் வெளிறித் தோன்றிற்று. 1990-களில் ஜப்பானியர் அதற்கொரு மெல்லிய ஏட்டைச் செய்து திரையின்மேல் ஒட்டினர். அந்த ஏட்டிலிருந்தவை கோல்களல்ல. தட்டு வடிவான மூலக்கூறுகள்.

அத்தகைய தட்டு வடிவத் திரவ ஸ்படிகத்தை உலகில் முதன்முதல் கண்டறிந்தது எங்கே தெரியுமா? நமது பெங்களூரில்! ஸர் ஸி. வி. ராமன் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தில், அவருடைய சகோதரியின் குமாரரான எஸ். சந்திரசேகர், ஸதாசிவா, சுரேஷ் ஆகிய இருவருடன் சேர்ந்து 1977-ல் அதை வெளியிட்டார். நம் நாட்டு விஞ்ஞான சஞ்சிகையான ‘பிரமாண’த்திலேயே அக்கட்டுரை வந்தது.

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் இன்றும் நாம் பெட்டியை இங்கே பூட்டுகிறோம். திரைத் தகட்டைப் பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து தருவிக்கிறோம். அறிவுக் குறைவால் நேர்ந்ததன்று இது. செல்வம் மிகுந்த ஆர்.ஸி.ஏ. கம்பெனியே தன் கையிலிருந்ததை நழுவவிட்டதல்லவா? கண்டுபிடித்ததைத் தொழிற்சாலை வரை கொண்டு செலுத்தும் பொறுமை வேண்டும். அதற்குப் பணம் போடும் துணிவும் வேண்டும். சுவரில் தொங்கும் டெலிவிஷனைப் பார்க்கும்போதெல்லாம் நம் வாலிபர்களும் முதலாளிகளும் பெங்களூரை நினைத்துக்கொள்வார்களாக!