முதல் பந்தியா, நினைத்த நேரமா?

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பார்கள். இப்பழமொழிக்குப் பலரும் பலவிதமாகப் பொருள் சொல்வதுண்டு. ஆனால் பந்திக்கு முந்தாதவர் கதி என்னவென்று நம் எல்லாருக்கும் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அவர் மோருக்கு வந்துவிட்டாரா, இன்னும் ரசத்திலேயே இருக்கிறாரா என்று அவருடைய இலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நிற்பவருக்குக் கூச்சம். உட்கார்ந்திருப்பவருக்கோ, அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தால் போதும் என்றாகிவிடுகிறது.

இந்தச் சங்கடம் நம் ஊர் மண்டபங்களுக்கு மட்டும் உரியதன்று. ஆயிரக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு கடலில் மிதக்கும் உல்லாசக் கப்பல்களிலும் இதே கேள்வி உண்டு. இன்னாருக்கு இன்ன நேரம், இன்ன மேசை என்று முன்பே வகுத்துவிடுவதா? அல்லது பசித்தபோது வந்து, காலியான இடத்தில் அமரச் சொல்வதா? இதை ருசியும் வசதியும் பற்றிய கேள்வி என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது கணக்கும் சேர்ந்த கேள்வி. எப்படி என்று பார்ப்போம்.

சேவுகம்பட்டியில் ஒரு விருந்து

திண்டுக்கல் மாவட்டத்தில் வத்தலக்குண்டை அடுத்துள்ள சேவுகம்பட்டியில் ஒரு காதணி விழா நடப்பதாக வைத்துக்கொள்வோம். கிடா விருந்து. விருந்தாளிகள் 600 பேர். உணவுக் கூடத்தில் ஒரே சமயத்தில் 150 பேர் உட்காரலாம். ஆகவே நான்கு பந்திகள்.

ஒருவர் சாப்பிட்டு முடிக்கச் சராசரியாக 18 நிமிடம் ஆகிறது என்க. ஆனால் பந்தி சராசரி ஆளுக்காக முடிவதில்லை. எல்லாரிலும் மெதுவாகச் சாப்பிடுகிற பெரியவர் கை கழுவப் போன பிறகே முடிகிறது. அவருக்கு 28 நிமிடம் ஆகட்டும். பிறகு எச்சில் இலை எடுத்து, மேசை துடைத்து, புது இலை போட 7 நிமிடம். ஆக ஒரு பந்திக்கு 35 நிமிடம்.

காது குத்தி முடிந்ததும் 600 பேரும் ஒன்றாகக் கூடத்துக்கு வந்துவிட்டால் என்ன ஆகும்? முதல் பந்திக்காரர் காத்திருப்பதே இல்லை. இரண்டாம் பந்திக்கு 35 நிமிடம், மூன்றாம் பந்திக்கு 70 நிமிடம், நான்காம் பந்திக்கு 105 நிமிடம். சராசரிக் காத்திருப்பு 52½ நிமிடம்.

இப்போது பந்தி முறையை விட்டுவிடுவோம். ஒருவர் எழுந்தவுடன் அவர் இலையை மட்டும் எடுத்துவிட்டு அடுத்தவரை உட்கார வைக்கிறோம். சராசரிச் சாப்பாட்டு நேரம் 18 நிமிடம், இலை மாற்ற 2 நிமிடம், ஆக 20 நிமிடம். இப்போது கடைசிப் பகுதியினர் சுமார் 60 நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ 30 நிமிடமே. மணிக்கு 257 பேருக்குச் சோறு போட்ட அதே கூடம், இப்போது 450 பேருக்குப் போடும்.

அப்படியானால் பந்தி முறை வெறும் பழைய வழக்கம்தானா? அவசரப்படாதீர்கள். கணக்கின் மறுபக்கத்தை இன்னும் நாம் பார்க்கவில்லை.

வாளி தூக்குபவரின் நடை

விருந்தில் எட்டு வகைப் பதார்த்தம் என்க. ஒரு வரிசைக்கு 25 இலை வீதம் ஆறு வரிசை. பந்தியில் எல்லாரும் ஒரே கட்டத்தில் இருக்கிறார்கள். குழம்பு வாளியைத் தூக்கியவர் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் 25 இலைக்கும் குழம்பு விழுந்துவிடும். ஆக ஆறு வரிசைக்கு எட்டு வகையையும் ஒரு சுற்றுப் பரிமாற 48 நடை போதும்.

நினைத்தபோது உட்காரும் முறையில் இந்த ஒழுங்கு இல்லை. இந்த இலையில் சோறு வைக்க வேண்டும், அடுத்த இலைக்காரர் ரசம் கேட்கிறார், அதற்கடுத்தவர் மோர் கேட்கிறார். ஒவ்வோர் இலைக்கும் ஒவ்வொரு பதார்த்தத்தையும் தனித்தனியே கொண்டுபோக நேர்ந்தால் 150 × 8 = 1,200 நடை! உண்மையில் இவ்வளவு ஆகாது என்றாலும் 48-இல் நிற்காது என்பது உறுதி. ஒன்று, பரிமாறும் ஆட்களைப் பல மடங்கு கூட்ட வேண்டும். இல்லையேல் பதார்த்தங்களை ஓரிடத்தில் வைத்துவிட்டு, விருந்தாளியே தட்டை ஏந்திக்கொண்டு போய் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட வேண்டும். இதைத்தான் 'பஃபே' என்கிறோம். அங்கே நடை குறையவில்லை. பரிமாறுபவர் காலிலிருந்து விருந்தாளியின் காலுக்கு அது மாறியிருக்கிறது. அவ்வளவே.

இன்னொரு சிக்கலும் உண்டு. இடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலியாகும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குச் சேர்ந்தாற்போல் ஐந்து இடம் கிடைப்பதில்லை. அவர்கள் காத்திருப்பார்கள், காலி நாற்காலிகளும் காத்திருக்கும்.

கப்பலில் பந்தி

கப்பல்காரர்கள் இந்தக் கணக்கை நெடுங்காலத்துக்கு முன்பே போட்டுவிட்டார்கள். 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கின் முதல் வகுப்பு உணவுக்கூடத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் அமரலாம். மூன்றாம் வகுப்புக் கூடத்தில் சுமார் 470 பேருக்கே இடம். ஆனால் அந்தப் பயணத்தில் மூன்றாம் வகுப்பில் சென்றவர்கள் சுமார் 700 பேர். ஒரே பந்தியில் எப்படி முடியும்? கப்பலில் இடம் என்பது பொன்னைப் போன்றது. உணவுக்கூடத்தைப் பெரிதாக்கினால் படுக்கை அறைகள் குறையும்.

பிற்கால உல்லாசக் கப்பல்கள் இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டன. மாலை 6 மணியளவில் முதல் பந்தி, 8 மணிக்கு மேல் இரண்டாம் பந்தி. ஒவ்வொருவருக்கும் பயணம் முழுவதும் அதே நேரம், அதே மேசை, அதே பரிமாறுபவர். ஒரு பாதிப் பயணிகள் சாப்பிடும்போது மறு பாதியினர் கலையரங்கில் ஆடல் பாடலைப் பார்ப்பார்கள். பிறகு இரு கூட்டமும் இடம் மாறும். பயணிகளில் பாதிப் பேருக்கு மட்டும் இடமுள்ள கூடமும் பாதிப் பேருக்கு மட்டும் இடமுள்ள அரங்கும் இருந்தால் போதும். இங்கே யாரும் நாற்காலிக்குப் பின்னால் நிற்பதில்லை. காத்திருக்கும் நேரம், பொழுதுபோக்கும் நேரமாக மாறிவிட்டது.

ஆனால் மனிதர் எல்லாரும் 6 மணிக்கே பசிப்பவர்கள் அல்லர். முன்பின் தெரியாதவர்களுடன் ஒரு வாரம் ஒரே மேசையில் உட்காரச் சிலருக்குப் பிடிப்பதில்லை. 1905-இலேயே ஜெர்மானியக் கப்பலான 'அமெரிக்கா'வில் விரும்பியதை விரும்பியபோது சாப்பிடத் தனி உணவகம் வைத்தார்கள், தனிக் கட்டணத்தோடு. 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் நேரமும் மேசையும் வகுக்கும் முறையைக் கைவிட்டு, பயணிகள் நினைத்த நேரத்தில் சாப்பிடலாம் என்று அறிவித்தது. மற்ற நிறுவனங்கள் பலவும் இரு முறைகளையும் கலந்து வைத்துக்கொண்டன. டிஸ்னி நிறுவனத்தின் கப்பல்களில் 1998 முதல் இன்னொரு விதம்: பயணிகள் ஒவ்வோர் இரவும் வேறு வேறு உணவறைக்குப் போவார்கள், அவர்களுக்குப் பரிமாறுபவர்களும் கூடவே போவார்கள்!

நமக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. 1990-இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல், கோர்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' ஆகி, 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசப் பயணம் புறப்பட்டது.

சலூன் நாற்காலி சொல்லும் பாடம்

நினைத்த நேரத்தில் சாப்பாடு என்ற சுதந்திரத்துக்கு விலை என்ன? இதை அறிய ஒரே நாற்காலி உள்ள சலூனுக்குப் போவோம்.

ஒரு முடிவெட்டுக்குச் சராசரி 20 நிமிடம். ஆட்கள் முன்னறிவிப்பின்றி வருகிறார்கள். ஒருவருக்கு 10 நிமிடத்தில் முடியும், இன்னொருவருக்கு 40 நிமிடம் ஆகும். நாற்காலிக்கு நாளில் பாதி நேரம் வேலை இருந்தால், வருபவர் சராசரியாக 20 நிமிடம் காத்திருப்பார். 80 சதவீத நேரம் வேலை இருந்தால் 80 நிமிடம். 90 சதவீதம் ஆனால் 180 நிமிடம்! வேலை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, காத்திருப்போ ஒன்பது மடங்காகிவிட்டது. 'நாற்காலி சும்மா இருக்கக்கூடாது' என்று நூறு சதவீதத்தை நெருங்க நெருங்க, வரிசை தெருவுக்கே வந்துவிடும். நாற்காலிகள் பலவானால் இந்த ஏற்றம் இவ்வளவு கடுமையாக இராது. ஆயினும் அதன் போக்கு இதுவே.

இவ்வகைக் கணக்குகளுக்கு வழிகாட்டியவர் டென்மார்க் நாட்டு எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், இணைப்புக்காகக் காத்திருக்கும் அழைப்புகளைப் பற்றி 1909-இல் ஆய்வுரை வெளியிட்டார். 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் மிக எளிய விதி ஒன்றை நிறுவினார். உள்ளே இருப்போர் எண்ணிக்கை = நிமிடத்துக்கு வருவோர் எண்ணிக்கை × ஒருவர் உள்ளே தங்கும் நிமிடங்கள்.

இவ்விதியை நம் காதணி விழாவுக்குப் பொருத்துங்கள். 600 பேரும் இரண்டு மணி நேரத்தில் பரவலாக வந்தால் நிமிடத்துக்கு 5 பேர். 5 × 20 = 100. அதாவது 150 இடங்களில் 100 நிறைந்திருக்கும், 50 காலியாக இருக்கும். யார் வந்தாலும் உடனே அமரலாம். அதே 600 பேர் ஒரு மணி நேரத்தில் வந்தால் நிமிடத்துக்கு 10 பேர். 10 × 20 = 200 இடம் வேண்டும். இருப்பதோ 150. நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர் தொகை கூடிக்கொண்டே போகும்.

ஆகவே விஷயம் இதுதான். பந்தி முறையில் நாற்காலிகள் நிறைந்திருக்கும், மனிதர் காத்திருப்பர். நினைத்த நேர முறையில் மனிதர் காத்திருக்கக்கூடாது என்றால் நாற்காலிகள் காத்திருக்க வேண்டும், சமையற்காரரும் காத்திருக்க வேண்டும். காத்திருப்பு ஒழிவதில்லை, பெரும்பாலும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறுகிறது. இது ஆற்றல் அழியா விதியைப் போலக் கண்டிப்பான விதியன்று. இலையை விரைவாக எடுத்தாலே காத்திருப்பு உண்மையில் குறையும். ஆனாலும் நினைவில் வைக்கத் தக்க உண்மை.

கடைசிப் பந்தி யாருக்கு?

இங்கே சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். சராசரி 52½ நிமிடம் என்றாலும், 52½ நிமிடம் காத்திருந்தவர் ஒருவரும் இல்லை. சிலர் காத்திருக்கவே இல்லை, சிலர் 105 நிமிடம் காத்திருந்தார்கள். அந்தச் சிலர் யார் என்பதே முக்கியம்.

முந்திக்கொள்ளத் தெம்புள்ளவர் முதல் பந்தியில் இருப்பார். தள்ளாடும் பாட்டி, கைக்குழந்தைக்காரி, கூச்சப்படுபவர் ஆகியோர் பின்தங்குவர். கடைசிப் பந்தியில் விழா வீட்டுப் பெண்கள், பரிமாறியவர்கள், எச்சில் இலை எடுத்தவர்கள். அவர்கள் உட்காரும்போது கறி தீர்ந்து குழம்புதான் இருக்கும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொண்டவருக்கோ, சிலவகை மாத்திரை விழுங்கியவருக்கோ உணவு ஒரு மணி நேரம் தள்ளிப்போவது வெறும் பசி அன்று. இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும் ஆபத்து அது.

நேரம் வகுக்கும் முறைக்கு உள்ள பெரிய சிறப்பு இங்கேதான் தெரிகிறது. வகுப்பதென்றால் யாருக்கு முதலிடம் என்பதை நாம் யோசித்து முடிவு செய்யலாம். வகுக்காவிட்டால் தோள்வலிமை முடிவு செய்துவிடும்.

என்ன செய்யலாம்?

நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரிகள் உள்ளன. அமிர்தசரஸ் பொற்கோயிலில் நாள்தோறும் பல்லாயிரவர் தரையில் வரிசையாக அமர்ந்து உண்கிறார்கள். ஒரு கூடத்தில் உண்ணும்போது மற்றொரு கூடத்தைக் கழுவி ஆயத்தம் செய்கிறார்கள். நம் பழனிக் கோயிலில் 2012 செப்டம்பர் 13 முதல் நாள் முழுதும் அன்னதானம் நடக்கிறது. நடுப்பகல் என்ற ஒரே நேரத்தில் குவியும் கூட்டம், காலை முதல் இரவு வரை பரவிவிடுகிறது. லிட்டில் விதியின்படி, நிமிடத்துக்கு வருவோர் குறைந்தால் வேண்டிய இடமும் குறையும் அன்றோ?

உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் இவை பொருந்தும். கூடத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பரிமாறும்போது மறு பாதியைத் துடையுங்கள். மெதுவாகச் சாப்பிடும் முதியவர்களுக்குத் தனி வரிசை ஒன்று போட்டால், அவர்களையும் விரட்ட வேண்டாம், பந்தியும் தடைப்படாது. மொய் எழுதும் இடத்திலேயே பந்தி எண்ணும் நேரமும் எழுதிய சீட்டைக் கொடுங்கள். மூன்றாம் பந்திச் சீட்டு வைத்திருப்பவர் நிழலில் உட்கார்ந்து உறவினரோடு பேசிக்கொண்டிருப்பார், எவர் நாற்காலிக்குப் பின்னாலும் நிற்கமாட்டார். முதல் சீட்டுகளை முதியோருக்கும் நோயாளிகளுக்கும் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் ஒதுக்குங்கள். கடைசிப் பந்திக்கு வேண்டிய கறியை முதலிலேயே தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள்.

அடுத்த முறை பந்தியில் உட்காரும்போது, பரிமாற வருபவரிடம் "நீங்கள் சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டுப் பாருங்கள். அன்றைய ஏற்பாடு எப்படிப்பட்டது என்பது அவர் சொல்லும் பதிலில் தெரிந்துவிடும்.