ஒற்றைப் பாதையும் பேரனின் பண்ணையும்

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன், சங்கப் பத்திரிகையில் கணிப்பொறி விளையாட்டைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று அன்பர்கள் சிலர் நினைக்கலாம். விஷயம் விளையாட்டைப் பற்றியதுதான் என்றாலும், அதில் உள்ள சிக்கல் எனக்குப் பழக்கமான சிக்கல். ஒரே பொருள் இரண்டு இடங்களில் இருக்கிறது. இரண்டு இடத்திலிருந்தும் ஆட்கள் அதைத் தொடுகிறார்கள். மோதல் வராமல் எப்படிக் காப்பது? ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களைப் பற்றி எங்கள் பிரிவில் கேட்ட கேள்வியும் இதுதான்.

பேரப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மேஜை மேல் ஒரு கணிப்பொறி. பிள்ளையின் கையில் ஒரு கையடக்க விளையாட்டுக் கருவி. 2022-ல் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக், 2023-ல் ஏசுஸ் நிறுவனம் கொண்டுவந்த ராக் அலை போன்றவை உண்மையில் முழுக் கணிப்பொறிகள்தாம். இரண்டு பக்கமும் பிடியும் நடுவில் திரையும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மாலையில் மேஜையில் ஆடிய அதே ஆட்டத்தை, மறுநாள் ரயிலில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த 'விட்ட இடம்' என்பது ஒரு சிறு கோப்பு. பிள்ளைகள் அதை 'சேவ்' என்கிறார்கள். ஆட்டம் பல ஜிகாபைட் இருக்கும், சேவ் பெரும்பாலும் ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. ஆனால் ஆட்டத்தை அழித்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். சேவ் போனால் போனதுதான்.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை இல்லை. 1990-களில் கேம்பாய் ஆடிய காலத்தில், சேவ் அந்த ஆட்டத்தின் கேசட்டுக்குள்ளேயே இருந்தது. பட்டன் வடிவ மின்கலம் ஒன்று அதைக் காத்தது. மின்கலம் தீர்ந்தால் சேவும் தீர்ந்தது, அது வேறு கதை. பிறகு பிளேஸ்டேஷனுக்கு 128 கிலோபைட் கொள்ளும் நினைவு அட்டை வந்தது. என் மகன் சாந்தினி மார்க்கெட்டில் ஒன்று வாங்கி, தீப்பெட்டியைப் போல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போவான். அட்டை அவன் பையில் இருக்கும்போது வீட்டில் யாரும் அவன் ஆட்டத்தைத் தொட முடியாது. அட்டை ஒன்று, ஆட்டமும் ஒன்று.

2008-ல் ஸ்டீம் கிளவுட் வந்தது. ஆட்டத்தை மூடியதும் சேவ் தானாக இணையம் வழியே தொலைவில் உள்ள ஒரு கணிப்பொறிக்கு ஏறிவிடும். வேறு கருவியில் அதே ஆட்டத்தைத் திறந்தால் அங்கே இறங்கிவிடும். நல்ல வசதி, சந்தேகமில்லை. ஆனால் சட்டைப் பையில் இருந்த ஒற்றை அட்டை போய், இப்போது ஒரே சேவுக்கு மூன்று பிரதிகள் ஆகிவிட்டன. மேஜையில் ஒன்று, கையில் ஒன்று, வானத்தில் ஒன்று. மூன்றும் ஒன்றுபோல இருக்கும் வரை கவலையில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் பேரன் ஆடுவது ஸ்டார்ட்யூ வேலி என்ற ஆட்டம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் சுமார் நாலரை ஆண்டுகள் தனியாக உட்கார்ந்து உருவாக்கி 2016-ல் வெளியிட்டது. சண்டை இதில் கொஞ்சம்தான். பாழடைந்த பண்ணையைத் திருத்திப் பயிர் வைப்பது, மாடு கோழி வளர்ப்பது, ஊராரோடு பழகுவது, இதுதான் ஆட்டம். என் மனைவி கடைசி மாதங்களில் படுக்கையில் சாய்ந்தபடி இவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோழி வாங்கினால் பெயர் வைக்கச் சொல்லி ஆட்டம் கேட்கும். பெயர் வைத்தது அவள்தான். செங்கமலம், பொன்னி, கோமளா. அவள் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அந்த ஆட்டத்தில் கோழிகள் மூப்பு வந்து சாவதில்லை.

கோடை விடுமுறையில் பேரனும் என் மகளும் சாலிமாரில் கோரமண்டல் ஏறிச் சென்னைக்குப் போனார்கள். கல்லூரித் தேர்வுக்காகப் பேத்தி என்னோடு கொல்கத்தாவில் தங்கிவிட்டாள். ஒரு நாளுக்கும் மேலான பயணம். வழியில் பல இடங்களில் இணையம் கிடைக்காது. பேரன் ரயிலில் மறுநாள் நண்பகல் வரை ஆடியிருக்கிறான். இங்கே பேத்தி, படித்துச் சலித்த ஒரு பிற்பகலில், மேஜைக் கணிப்பொறியில் அதே பண்ணையைத் திறந்து ஆடியிருக்கிறாள். மாலையில் பேரன் மாமா வீட்டு இணையத்தில் இணைத்ததும் திரையில் ஒரு பெட்டி: இரண்டு சேவ்கள் ஒத்துப்போகவில்லை, எதை வைத்துக்கொள்ளட்டும், எதை அழிக்கட்டும் என்று கேள்வி. பக்கத்தில் தேதியும் நேரமும். என் மகள் "எது புதுசோ அதை அழுத்துடா" என்றாளாம். நல்லவேளை, அவன் எனக்குப் போன் செய்தான்.

"தாத்தா, வீட்டுல யாராவது என் பண்ணையைத் திறந்தாங்களா?"

பேத்தியைக் கேட்டேன். "ஆமா தாத்தா, சும்மா கொஞ்ச நேரம் ஓட்டினேன். கோழி எல்லாத்தையும் வித்துட்டுப் பெரிய தொழுவம் கட்டியிருக்கேன். லாபம்தான்" என்றாள். பாட்டி படுத்திருந்த நாட்களில் அவள் விடுதியில் இருந்தாள். கோழிகளின் கதை அவளுக்குத் தெரியாது.

'எதையும் அழுத்தாதே, பெட்டியை மூடு' என்று பேரனிடம் சொன்னேன். அவன் கருவி விண்டோஸில் ஓடும் வகை. அதில் ஆப்டேட்டா என்ற மறைவான அடைவுக்குள் ரோமிங், அதற்குள் ஸ்டார்ட்யூவேலி, அதற்குள் சேவ்ஸ் என்று போனால் பண்ணையின் பெயரில் ஓர் அடைவு இருக்கும். அதை அப்படியே நினைவு அட்டைக்குப் பிரதி எடுக்கச் சொன்னேன். இங்கே மேஜைக் கணிப்பொறியிலும் பேத்தியின் பிரதியை, தேதியைப் பெயராக வைத்துத் தனியே எடுத்து வைத்தேன். இரண்டும் பத்திரம் என்று தெரிந்த பிறகுதான் அவன் தன் கையில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தான். 'புதியது' என்று காட்டியது பேத்தியுடையது. அதை அழுத்தியிருந்தால் பொன்னியும் கோமளாவும் விற்றது விற்றதாகவே இருந்திருக்கும்.

இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க முடியாதா என்று பேத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. வங்கிப் பாஸ்புத்தகத்தில் வரவும் செலவும் வரிசையாக இருக்கும். இரண்டு பேர் தனித்தனியே எழுதினாலும் பிறகு கூட்டிக் கழித்துச் சேர்த்துவிடலாம். சேவ் அப்படியல்ல. அது கடைசி இருப்பை மட்டும் எழுதிய சீட்டு. எந்தக் கோழி எப்போது விற்கப்பட்டது என்ற கணக்கு அதில் கிடையாது; இன்று காலையில் பண்ணை எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான் இருக்கும். இரண்டு இருப்புச் சீட்டுகளைக் கூட்டினால் பொய்க்கணக்குதான் வரும்.

நேரத்தை நம்புவதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. கொல்கத்தாவில் வாழும் நமக்கு அது சுலபமாகப் புரியும். 1906-க்கு முன் இந்திய ரயில்வே முழுவதும் சென்னை நேரத்தில் ஓடியது. கல்கத்தாவின் ஊர் நேரமோ அதற்குச் சுமார் அரை மணி முன்னே. அந்த ஆண்டு இந்தியப் பொது நேரம் வந்த பிறகும் இந்த நகரம் 1948 வரை தன் கடிகாரத்தை விடவில்லை. அந்தக் காலத்தில் இரண்டு ஊரிலிருந்து இரண்டு கடிதம் வந்தால், மேலே எழுதிய மணியை மட்டும் பார்த்து எது முந்தியது என்று சொல்ல முடியாது. இன்றும் ஒரே கருவியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருப்பவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள். கருவிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் பொதுவாக அதைக் கிரீன்விச் கணக்கில் வைக்கும். நம் ஊரில் வித்தியாசம் ஐந்தரை மணி. காலையில் ஆடிய சேவ் பிற்பகலில் ஆடியதுபோல் முத்திரை பெற்றுவிடலாம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 1874 செப்டம்பரில் இங்கிலாந்தில் நாரிச் நகருக்கு அருகே தோர்ப் என்ற இடத்தில், தந்தியில் ஏற்பட்ட குழப்பத்தால் ஒரே பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே அனுப்பப்பட்டு மோதி 25 பேர் இறந்தார்கள். அதன் பிறகு எட்வர்ட் டையர் என்பவர் 1878-ல் ஒரு கருவி கொண்டுவந்தார். அதே வழியில் வந்ததுதான் நம் நாட்டில் பரவலாகப் பயன்பட்ட நீல் பந்து டோக்கன் கருவி. நான் பராமரித்தது இதைத்தான். இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு கருவி, இடையே மின்கம்பி. கருவிக்குள் இரும்புப் பந்துகள், ஒவ்வொன்றிலும் அந்தப் பிரிவின் பெயர் பொறித்திருக்கும். எதிர் ஸ்டேஷன் மாஸ்டர் ஒத்துழைத்தால்தான் இங்கே ஒரு பந்தை எடுக்க முடியும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது இந்தக் கருவியிலோ அந்தக் கருவியிலோ திரும்ப விழும்வரை, இரண்டாவது பந்து எந்தப் பக்கமும் வராது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் பிரிவுக்குள் நுழையமாட்டார். இதில் நேரம் பார்க்கும் பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். யார் முந்தி, யார் பிந்தி என்று கருவி கேட்பதில்லை. பந்து யாரிடம் என்பது மட்டும்தான் கேள்வி.

கிளவுட் ஏற்பாட்டில் இந்தப் பந்து முழுமையாக இல்லை. இணையம் இருக்கும்போது, வேறு கருவியின் சேவ் இன்னும் ஏறவில்லை என்று சில சமயம் எச்சரிக்கும். இணையம் இல்லாத ரயிலில் யார் எச்சரிப்பது? கையடக்கக் கருவியில் இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளைகள் ஆட்டத்தை மூடுவதில்லை. பொத்தானை அழுத்திக் கருவியைத் தூங்க வைத்துவிடுகிறார்கள். வழக்கமாக ஆட்டத்தை மூடும்போதுதான் சேவ் மேலே ஏறும். தூங்கும்போதே ஏற்றும் முறையை வால்வ் 2022-ல் கொண்டுவந்தது. ஆனால் அந்தந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டார்ட்யூ வேலியில் ஆட்டக்காரன் படுக்கைக்குப் போய் ஒரு நாள் முடிந்தால்தான் சேவே எழுதப்படும். பட்டப்பகலில் கருவியைத் தூங்க வைத்தால், அன்றைய உழைப்பு எந்தக் கோப்பிலும் இருக்காது.

எல்லா ஆட்டங்களுக்கும் கிளவுட் உண்டு என்றும் நினைக்க வேண்டாம். இருக்கிறதா என்பதை ஸ்டீம் கடையில் அந்த ஆட்டத்தின் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். இல்லாதவற்றுக்கு சிங்திங் என்ற இலவச மென்பொருள் உண்டு. இரண்டு கருவிகளிலும் போட்டு, சேவ் இருக்கும் அடைவைக் காட்டிவிட்டால், இரண்டும் விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றோடொன்று நேராகப் பேசி ஒத்துக்கொள்ளும். எனக்கு இதில் பிடித்தது, மோதல் வந்தால் அது ஒன்றைச் சத்தமில்லாமல் அழிப்பதில்லை. பழைய நேரம் காட்டும் கோப்புக்குத் தேதியோடு வேறு பெயர் வைத்துப் பக்கத்திலேயே விட்டுவிடும். பழைய பிரதிகளைக் கொஞ்ச நாள் சேர்த்து வைக்கும் வசதியும் உண்டு. தொடக்கத்தில் அது அணைந்திருக்கும், நாம்தான் போட வேண்டும்.

ஸ்டீம் டெக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அது லினக்ஸில் ஓடுவது. விண்டோஸுக்காகச் செய்த ஆட்டங்களுக்கு அது உள்ளே ஒரு பொய் 'சி டிரைவ்' கட்டிக்கொடுக்கும். சேவைத் தேடினால் காம்பட்டேட்டா என்ற அடைவில், ஆட்டத்துக்கு ஓர் எண்ணாக வரிசையாக நிற்கும். உரிய எண்ணுக்குள் போனால் விண்டோஸில் உள்ளது போன்ற அதே அமைப்பு தெரியும். ஆட்டத்தை நீக்கும்போது அந்த அடைவையும் சேர்த்து அழித்துவிடாமல், முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மேஜை விளக்கின் கழுத்தில் ஒரு சாவி வளையம் தொங்குகிறது. அந்தப் பண்ணையைத் திறக்க வேண்டுமானால் வளையம் கையில் இருக்க வேண்டும். பேரன் வெளியூர் போனால், மேஜையில் ஆட்டத்தை மூடி, சேவ் ஏறி முடிந்ததைப் பார்த்து, கையடக்கக் கருவியில் இணையம் இருக்கும்போதே ஒரு முறை திறந்து சரிபார்த்து, வளையத்தைப் பையில் போட்டுக்கொள்கிறான். மாதம் ஒரு முறை பண்ணையின் அடைவைப் பென் டிரைவில் போட்டு பீரோவில் வைக்கிறேன். பூஜை விடுமுறைக்கு அவன் போயிருந்தபோது வளையமும் சென்னைக்குப் போயிருந்தது. பேத்தி அதற்குள் தன் பெயரில் வேறு பண்ணை ஆரம்பித்துவிட்டாள். அதில் கோழியே கிடையாது, எல்லாம் பன்றிதான். நல்ல லாபம் என்கிறாள்.