உடல் எடை குறைய உணவு முறையில் மாற்றம் தேவை

நெற்பயிருக்குத் தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால் என்ன நேரும் என்பதை விவசாயிகள் அறிவார்கள். பயிர் கரும்பச்சையாகத் தழைத்து, பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் தாள் பலமிழந்து, கதிர் முற்றும் சமயத்தில் ஒரு காற்றுக்கே சாய்ந்துவிடும். புகையானும் குலை நோயும் அத்தகைய பயிரையே எளிதில் தாக்கும். மனித உடம்பின் நிலையும் ஏறக்குறைய இதுதான். தேவைக்கு மேல் உண்ணும் உணவு கொழுப்பாக மாறி வயிற்றைச் சுற்றித் தங்குகிறது. அதைத் தொடர்ந்து சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் ஆகியவை வருகின்றன.

தொந்தியும் சர்க்கரை வியாதியும் பட்டணத்துக்காரர்களுக்கு உரியவை என்று கருதப்பட்ட காலம் போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி உள்ளது. கிராமங்களில் மட்டும் பார்த்தாலும், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேருக்கு இந்நோய் இருக்கிறது.

சிறு விவசாயிக்கு இதனால் வரும் நஷ்டம் பெரிது. சர்க்கரை வியாதி முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். சேற்றில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு முள் குத்தியதும் தெரியாது, நகம் பெயர்ந்ததும் தெரியாது. புண் புரையோடிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போக நேரிடும். விரலையோ காலையோ இழந்தவர் மீண்டும் வரப்பில் நடப்பது கடினம். வைத்தியத்துக்கு நிலத்தை அடமானம் வைக்கும் நிலையும் வரலாம். வருமுன் காப்பதற்கு ஆகும் செலவோ மிகச் சொற்பம்.

வேலை குறைந்தது, சோறு குறையவில்லை

கிராமத்தில் எடை கூடுவதற்கு முக்கியக் காரணம் வேலையின் தன்மை மாறியதுதான். முன்பு கமலை இறைத்தும், ஏர் ஓட்டியும், கட்டுச் சுமந்தும், களத்தில் கதிர் அடித்தும் பாடுபட்டார்கள். இப்போது மோட்டார் தண்ணீர் இறைக்கிறது. டிராக்டர் உழுகிறது. அறுவடை இயந்திரம் அறுத்து, அடித்து, நெல்லைக் கொட்டிவிடுகிறது. வயலுக்குப் போவதும் மோட்டார் சைக்கிளில்தான். இவையெல்லாம் நல்ல வசதிகளே. ஆனால் பழைய உழைப்புக்கு உண்ட சோற்றின் அளவு மட்டும் பல வீடுகளில் மாறவில்லை.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாக்கும். கடின உழைப்பாளியான ஆணுக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி தேவை. நடுத்தர உழைப்புக்கு 2,710 கலோரி போதும். உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 2,110 கலோரியே போதுமானது. பெண்களுக்கு இவை முறையே 2,720, 2,130, 1,660 கலோரி ஆகும். கடின உழைப்பு நடுத்தர உழைப்பாக மாறும்போது ஓர் ஆணுக்குத் தேவை 760 கலோரி குறைகிறது. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி உண்டு. ஆகவே நாள்தோறும் 200 கிராம் அரிசிக்கு மேல் மிச்சமாக வேண்டும். அது மிச்சமாகாமல் வயிற்றுக்குள் போனால் உடம்பிலேயே சேரும்.

இந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கப்பட்டது. பெரிபெரி என்னும் நோயை ஆராய்வதே அதன் முதல் வேலை. அளவுக்கு மீறித் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்பவர்களுக்குத் தவிட்டோடு போய்விடும் உயிர்ச்சத்து கிடைக்காமல் வரும் நோய் அது. இன்று வயிறு நிறையச் சோறு கிடைக்கிறது. ஆனால் தட்டில் சோறு மட்டுமே நிறைந்திருப்பது என்ற பழைய குறை இன்னும் தீரவில்லை.

முதலில் அளந்து பார்க்க வேண்டும்

மண் பரிசோதனை செய்யாமல் உரமிடக் கூடாது என்பதைப் போல, உடம்பையும் அளந்த பிறகே உணவைக் குறைக்க வேண்டும். தையற்காரர் வைத்திருக்கும் நாடாவால் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளக்கலாம். வயிற்றை எக்கிப் பிடிக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதற்கு மேல் இருந்தால் எச்சரிக்கை தேவை. எடையைப் பொறுத்தவரை, 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 62 அல்லது 63 கிலோவுக்குள் இருப்பது நல்லது. 155 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 55 கிலோ எல்லையாகும்.

இரத்தத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். 30 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்ப்பது அவசியம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து பரிசோதிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது.

தட்டில் செய்ய வேண்டிய மாற்றம்

பட்டினி கிடப்பது தவறு. ஒரு வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகச் சாப்பிடுவதில் பயனில்லை. தட்டில் பாதி காய்கறியும் கீரையும் இருக்க வேண்டும். கால் பங்கு சோறோ களியோ இருக்கலாம். மீதிக் கால் பங்கில் பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற புரத உணவு இருக்க வேண்டும். காயையும் பயறையும் முதலில் உண்டு, பிறகு சோற்றை எடுத்தால் சர்க்கரை சட்டென்று ஏறாது. குறைந்த சோற்றிலேயே வயிறும் நிறையும்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி என்று அளவு கூறப்பட்டுள்ளது. தானியமும் பருப்பும் சமைக்கும் முன் உள்ள எடை. வயலில் பாடுபடுபவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். வீட்டில் அரிசி அளக்கும் டம்ளரில் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று கடைத் தராசில் ஒரு முறை பார்த்துக்கொண்டால், பிறகு அளப்பது சுலபம்.

வேளைக்கு ஒரு கைப்பிடி அரிசி, அதாவது 30 கிராம் வீதம் மூன்று வேளையும் குறைத்தால் 300 கலோரிக்கு மேல் குறையும். ஐந்து வேளைத் தேநீரில் இரண்டு கரண்டிச் சர்க்கரையை ஒரு கரண்டியாக்கினால் மேலும் 100 கலோரி குறையும். அதற்கு ஈடாக 30 கிராம் பயறைச் சுண்டலாகச் சேர்த்துக்கொண்டாலும், மாதத்துக்கு ஒரு கிலோ அளவுக்கு எடை இறங்க வாய்ப்புண்டு. இதைவிட வேகமாக இறக்கும் மருந்து, மாவு என்று விற்பவர்களிடம் காசைக் கொடுத்து ஏமாற வேண்டாம். மெதுவாக இறங்கும் எடையே நிலைக்கும்.

சிறுதானியமும் அளவோடுதான்

கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு ஆகியவற்றை உண்டால் எடை தானாகவே குறையும் என்று பலர் நம்புகிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 320 கலோரி உள்ளது. அரிசிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மாவாக்கிக் கூழ் காய்ச்சிச் சொம்பு நிறையக் குடித்தால் சர்க்கரையும் விரைவில் ஏறும்.

ஆயினும் சிறுதானியத்தின் சிறப்பு வேறு வகையில் உள்ளது. கேழ்வரகில் நார்ச்சத்து அரிசியைப் போல் மூன்று மடங்குக்கு மேல் உண்டு. சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் உள்ளது. தீட்டிய அரிசியில் இது 10 மில்லிகிராம் அளவே. எனவே அரிசியோடு கூடுதலாகச் சேர்க்காமல், ஒரு வேளை அரிசிக்குப் பதிலாகச் சிறுதானியத்தைச் சேர்க்க வேண்டும். களியாகவோ, அடையாகவோ, குருணைச் சோறாகவோ செய்து, கீரைக் குழம்பு அல்லது கொள்ளுக் குழம்புடன் உண்பது நல்லது. 2011 முதல் ரேஷன் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கத் தொடங்கிய பின், சிறுதானியம் பல வீடுகளில் மறந்தே போயிற்று. 2023 மே மாதத்தில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது.

பழைய சோறு தாராளமாக உண்ணத்தக்கது. மோரும் சின்ன வெங்காயமும் சேர்ந்தால் வெயிலுக்கு இதமான உணவு. ஆனால் இதிலும் சோற்றின் அளவைக் கவனிக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கலோரி

சோற்றைக் குறைத்தும் எடை குறையவில்லை என்பவர்கள் இடைத்தீனியைக் கவனிக்க வேண்டும். நாள் முழுவதற்கும் சேர்த்துச் சர்க்கரை 25 கிராமைத் தாண்டக் கூடாது. இனிப்பான மூன்று தேநீரிலேயே அது முடிந்துவிடும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சளைத்தவையல்ல.

எண்ணெய் ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் போதும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் மூன்றரை லிட்டருக்கு மேல் செலவானால், பலகாரமும் பொரியலும் மிகுதி என்று அறியலாம். சொந்தச் செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கும் இதே அளவுதான். உப்பு ஆளுக்கு 5 கிராம். இந்தக் கணக்கில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் நான்கு பேருக்கு 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இதில் அடங்கும்.

மது ஒரு கிராம் சாராயத்துக்கு 7 கலோரி தருகிறது. 180 மில்லி பாட்டில் ஒன்றில் 400 கலோரிக்கு மேல் உள்ளது. இதில் உடம்புக்கு உதவும் சத்து எதுவுமில்லை.

வரப்பிலேயே விளையும் புரதம்

நான்கு பேருக்கு ஆளுக்கு 85 கிராம் வீதம் பருப்பு என்றால் மாதம் 10 கிலோ வேண்டும். இதைக் கடையில் வாங்கச் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் நிலம் வைத்திருப்பவருக்கு வேறு வழி உண்டு. நெல் வயலின் வரப்பில் உளுந்து ஊன்றலாம். டெல்டாப் பகுதியில் அறுவடைக்குச் சில நாள் முன்னதாக ஈரத்தில் உளுந்து, பாசிப்பயறு தெளிப்பது வழக்கம். மானாவாரியில் கொள்ளு, தட்டைப்பயறு போடலாம். கொள்ளில் 100-க்கு 22 பங்கு புரதம் உண்டு. விளைந்ததை எல்லாம் மூட்டை கட்டி விற்றுவிட்டு, பிறகு கடையில் கூடுதல் விலைக்கு வாங்குவதைவிட, வீட்டுத் தேவையை முதலில் எடுத்து வைப்பதே சிக்கனம்.

வாய்க்கால் ஓரத்தில் முருங்கை, அகத்தி, பப்பாளி வைக்கலாம். கொல்லையில் சுரை, பீர்க்கு, அவரை படரவிடலாம். சிறுகீரையும் தண்டுக்கீரையும் விதைத்த ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். நான்கைந்து நாட்டுக்கோழிகள் இருந்தால் முட்டைக்குக் குறைவில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உள்ளது. வீட்டுக்கென வளர்க்கும் காய்க்கு மருந்து அடிக்க நேர்ந்தால், உரிய நாள் இடைவெளி விட்டே பறிக்க வேண்டும்.

யார் குறைக்கக் கூடாது?

எடைக் குறைப்பு எல்லோருக்கும் பொருந்தாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், ஏற்கனவே மெலிந்தவர்கள் உணவைக் குறைக்கக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைக் குறைத்தால், சர்க்கரை திடீரென்று இறங்கி வயலிலேயே மயங்கி விழ நேரிடும். சிறுநீரக நோய் உள்ளவர்களும் மருத்துவர் சொல்லும் உணவையே உண்ண வேண்டும்.

வீட்டுப் பெண்கள் எல்லோரும் உண்ட பிறகு மிஞ்சிய சோற்றையும் இரசத்தையும் உண்பது பல வீடுகளில் வழக்கம். காயும் பருப்பும் அதற்குள் தீர்ந்துவிடும். உடம்பு பருத்தும் இரத்தம் சோகையாகவும் இருக்கும் பெண்கள் பலருக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். குடும்பத்தினர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் இக்குறை தீரும்.

எடை குறையாவிட்டாலும் பயனுண்டு

உணவு மாற்றத்தோடு நடையும் வேண்டும். சர்க்கரை வியாதி வரும் தறுவாயில் இருந்த 531 பேரைக் கொண்டு சென்னை மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி, நடைப் பயிற்சியும் மேற்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. எனவே தராசு முள் அசையவில்லையே என்று மனம் தளர வேண்டியதில்லை.

அருகில் உள்ள வயலுக்கு வண்டியை விட்டு நடந்து போகலாம். காலில் செருப்பு அவசியம். மாதத்துக்கு ஒரு நாள் குறித்து, இடுப்பளவையும் எடையையும் வரவு செலவு நோட்டிலேயே எழுதி வரலாம். மூன்று மாதக் கணக்கைப் பார்த்தால் மாற்றம் தெரியும். இதற்குப் பருவமோ பட்டமோ பார்க்க வேண்டியதில்லை. இன்று உலையில் போடும் அரிசியில் ஆளுக்கு ஒரு கைப்பிடியைக் குறைத்து, அடுப்பில் ஒரு சட்டிக் கீரையைக் கூடுதலாக ஏற்றினால் போதும்.