வெயிலில் வரும் வெள்ளம்

போடி மலைச்சரிவில் ஒரு நாளைக் கழிக்கப் போகிறவர்கள் கிளம்பும் முன் வானத்தைத்தான் பார்க்கிறார்கள். குரங்கணிக்கு மேலே கொஞ்ச தூரம் நடை, பாறையோரம் கூடாரம், மத்தியானம் அருவியில் குளியல். வெயில் அடித்தால் பயமில்லை என்பது கணக்கு. ஆனால் அருவிக்கரையில் நிற்பவரின் தலைக்கு மேலே தெரியும் வானம் அருவியைப் பற்றி ஏறக்குறைய எதையுமே சொல்வதில்லை. அந்த நாள் பத்திரமாக முடியுமா என்பது சரிவின் மேல்கோடியில் முடிவாகிறது. கடல்மட்டத்திலிருந்து 350 மீட்டர் அளவில் இருக்கும் போடியிலிருந்து பார்த்தால் சுவர்போல எழும் மலை, டாப் ஸ்டேஷன் பக்கம் 1,700 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. அதற்கு அப்பால் மூணாறு. அங்கே ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரை மிஞ்சும். போடியோ மழை மறைவில் கிடக்கிறது. ஆயிரம் மில்லிமீட்டர் பெய்தாலே அதிசயம். ஜூலையில் ஊருக்குள் காற்று புழுதியை வாரி அடிக்கும்போது, முகட்டைத் தாண்டி வழியும் தென்மேற்குப் பருவமழை ஏலக்காட்டு ஓடைகளை நிரப்பிக்கொண்டிருக்கும். அந்த ஓடைகள்தான் கொட்டகுடி ஆறு, அவைதான் அருவி.

சித்திரை வைகாசியில் நடப்பது இன்னும் மோசம். காலையில் வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி ஏறும். முகட்டில் குவிந்து குளிர்ந்து, பிற்பகலில் இடிமழையாகக் கொட்டும். பத்து சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அது 50 கோடி லிட்டர். அதில் பாதி மண்ணுக்குள் போய், மீதி இரண்டு மணி நேரத்தில் ஓடிவருகிறது என்று வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 35,000 லிட்டர் வருகிறது. நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் இறங்கும் வெள்ளமுகம் ஐந்து கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அந்த நேரம் முழுக்கக் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிய வெள்ளம் குளித்துக்கொண்டிருந்தவர்களைச் சிதறடித்து, 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. மலை வேறு, ஆனால் வெள்ளம் வரும் விதம் இதுதான்.

மேலே காடு இருக்கிறதே, அது தண்ணீரை உறிஞ்சி மெதுவாகத்தானே விடும் என்று கேட்கலாம். பாதி உண்மை. ஏலத்துக்கு நிழல் வேண்டும். அதற்காக விட்டுவைத்த பெருமரங்களும் அடியில் மக்கும் சருகும் சாதாரண மழையை நன்றாகவே தாங்கிக்கொள்கின்றன. கோடையிலும் அருவியில் நீர் கசிகிறது என்றால் அந்தச் சருகுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மண் நனைந்து நிரம்பிவிட்டால் அடுத்த மழைக்கு அங்கே இடமில்லை. 1924 ஜூலை பெருவெள்ளம், மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை கொண்டுவந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையை அழித்தே விட்டது. அங்கிருந்து கீழே கொட்டகுடி ஊருக்குக் கம்பிவடத்தில் சரக்கு இறக்கிய காலம் அது. அன்று இந்த மலைகளில் இன்று இருப்பதைவிடக் காடு அதிகம். ரயில் மட்டும் திரும்ப வரவேயில்லை.

வானம் சொல்லாததைப் பாறை சொல்லும். அருவித் தடாகத்தின் ஓரப்பாறையைக் கிட்டே போய்ப் பார்த்தால், ஒரு மட்டத்துக்கு மேலே சாம்பலும் வெளிர்பச்சையுமாகப் பாறைப்பாசி அப்பியிருக்கும். அதற்குக் கீழே வழித்துத் துடைத்ததுபோலப் பாறை வெறுமையாக இருக்கும். கரையோரக் கிளைகளில், சில சமயம் நம் தலைக்கு மேலே, காய்ந்த சருகும் வேரும் கொத்தாகச் சிக்கியிருக்கும். வெள்ளம் வந்துபோகும் உயரம் அதுதான். கூடாரம் போட வாகாகத் தெரியும் மணல் திட்டு பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே வெள்ளம்தானே!

நீச்சல் தெரிந்தவனுக்கு என்ன பயம் என்பது அடுத்த கேள்வி. தொடையளவு நீரில் நிற்பவரின் கால்களை, நொடிக்கு ஒரு மீட்டர் வேக ஓட்டம் சுமார் எட்டு கிலோ எடை அளவுக்குத் தள்ளும். வேகம் மூன்று மடங்கானால் தள்ளுவிசை ஒன்பது மடங்கு, அதாவது எழுபது கிலோவுக்கு மேல். நீந்திச் சமாளிக்கலாம் என்றால், அருவி விழும் இடத்தில் இருப்பது காற்றுக்குமிழி கலந்த நுரைத்தண்ணீர். அடர்த்தி குறைவு, உடம்பைத் தூக்கிப் பிடிக்காது, கை வீசினாலும் பிடிமானம் கிடைக்காது. உள்ளூர்க்காரர்கள் தினமும் குளிக்கிறார்களே என்பது நியாயமான கேள்வி. அவர்கள் நேரம் பார்த்து இறங்குகிறார்கள். தண்ணீர் கலங்கி, சுள்ளியும் சருகும் மிதந்து வந்தால் உடனே கரையேறுகிறார்கள். ஆனால் அந்த அறிகுறிக்கும் வெள்ளத்துக்கும் நடுவே சில நிமிடங்கள்தான். வெளியூரிலிருந்து குழந்தைகளோடு வந்தவருக்கு அது போதாது.

சரிவின் இன்னொரு பாதியையும் பார்க்க வேண்டும். மழைக்காடு என்று நினைத்து ஏறுகிறவர்கள் பாதி வழி நடப்பது புல்வெளியிலும் புதரிலும்தான். பசுமைக்காடு மேலேயும் ஓடை மடிப்புகளிலும் மட்டும். மாசி பங்குனியில் அந்தப் புல் சருகாகிவிடும். சரிவு பத்து பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ ஆய்வாளர்களின் தோராயக் கணக்கு. பகலில் மேலேறும் அதே காற்று தீயையும் ஏற்றிவிடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் இறங்கிவந்த மலையேற்றக் குழுவினரில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது இப்படிப்பட்ட சரிவில்தான். வெள்ளம் மேலிருந்து வருகிறது, தீ கீழிருந்து. இரண்டுமே கண்ணுக்கு எட்டாத இடத்தில் பிறந்து, நாம் சுதாரிப்பதற்குள் வந்துவிடுகின்றன.

அந்த விபத்துக்குப் பிறகு, அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-இல் வனத்துறையே வழிகாட்டிகளோடு 40 பாதைகளைத் திறந்தது. தடை போட்டுத் தடை போட்டே மக்களைக் காட்டுக்கு அந்நியமாக்குகிறார்கள் என்ற மனக்குறையை ஒதுக்கிவிட முடியாது. காட்டைப் பார்க்காதவன் காட்டுக்காகப் பேச மாட்டான். ஆனால் கும்பக்கரை அருவியில் நீர்வரத்து கூடியதும் குளிக்கத் தடை என்று வனத்துறை அறிவிப்பதை அதிகாரிகளின் கெடுபிடி என்று சொல்வது தவறு. அந்தத் தடை கீழே தண்ணீர் பெருகிய பிறகு வராமல், மேலே மழை விழத் தொடங்கியதுமே வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. முகட்டில் தானியங்கி மழைமானி, அதோடு இணைந்த அபாயச் சங்கு அருவிக்கரையில்: இதற்குப் புதிய அறிவியல் எதுவும் தேவையில்லை. அது வரும்வரை, கோடையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இந்தச் சரிவுக்குப் போகிறவர்கள் குளியலைக் காலை பதினொரு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மேலே போடிமெட்டிலோ டாப் ஸ்டேஷனிலோ தெரிந்தவர் இருந்தால், அங்கே மழையா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.